எந்தத் தெரு? காவிரிப் படுகையின் சேரியும் சென்னையின் வாடகை வீடும்



வெண்மணி நினைவு மேடைகளில் நாம் வழக்கமாகக் கூலியைப் பற்றிப் பேசுவோம். செங்கொடி, நெல் உற்பத்தியாளர் சங்கம், வெளியூர் ஆட்களை இறக்கிய அறுவடை என்று அந்தக் கதை நமக்கு மனப்பாடம். 1968 டிசம்பர் 25 இரவில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டதற்குக் கூலிப் போராட்டம்தான் காரணம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவர்கள் எரிக்கப்பட்ட இடம் ஒரு குடிசை. துரத்தப்பட்டவர்கள் தப்பிக்க ஓடிப் புகுந்த குடிசை. அந்த இரவில் கீழ்வெண்மணியின் ஊர்த்தெருவில் அவர்களுக்காகத் திறக்கக்கூடிய கதவு ஒன்றுகூட இருந்திருக்க முடியாது. சேரிக்காரர்கள் சேரிக்குள்தான் ஓட முடியும்.

இந்த ஆண்டு உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் கதவு. இன்னும் குறிப்பாகச் சொன்னால், தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து படித்துவிட்டு வேலைக்காகச் சென்னை போகும் நம் பிள்ளைகள் அங்கே வாடகைக்கு வீடு தேடும்போது என்ன நடக்கிறது என்பது. எரிந்த குடிசையையும் கிடைக்காத போர்ஷனையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. அதில் கொஞ்சம் நடந்து பார்ப்போம்.

பழைய பண்ணை முறையில் பண்ணையாளுக்கு மனைக்கட்டு மிராசுதாருடையது. கோயில் நிலமாகவோ மடத்து நிலமாகவோ இருந்தாலும் அதை ஆண்டவர் மிராசுதாராகவே இருந்தார். மூங்கிலும் கீற்றும் நம்முடையவை, சுவர் மண் நாம் மிதித்தது, அடியிலிருந்த நிலம் மட்டும் அவருடையது. எதிர்த்துப் பேசினால் முதலில் போவது வேலை அல்ல, மனை. வேலை போனால் பக்கத்துப் பண்ணையில் கேட்கலாம். மனை போனால் கிழவியையும் குழந்தையையும் ஆட்டையும் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கீழத்தஞ்சையில் சங்கம் கட்டியபோது சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பேசியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சங்கத்தில் சேர்ந்தவனை அடக்க அடியைவிட எளிய வழி ஒன்று இருந்தது. குடிசையைப் பிரித்துப் போடு என்ற ஒரு சொல் போதும்.

1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெண்மணிக்குப் பிறகு 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் வந்ததுதான் நம் பேச்சுக்கு முக்கியமானது: குடியிருப்பு மனைகளை அவற்றில் குடியிருப்பவருக்கே உரிமையாக்கிய சட்டம். உழவுத் தொழிலாளி எந்த மனையில் குடிசை போட்டிருந்தாரோ அந்த மனை அவருடையது என்றாயிற்று. நம் பாட்டன்களின் வாழ்க்கையில் அதைப்போல ஒரு மாற்றத்தை வேறு எந்தச் சட்டமும் கொண்டுவரவில்லை என்பது நமது கருத்து. கூலிச் சட்டத்தை ஏய்க்க ஆயிரம் வழி உண்டு. காலடி நிலம் கைக்கு வந்துவிட்டால் ஒருவன் நிமிர்ந்து நிற்கிற விதமே வேறு.

ஆனால் அந்தச் சட்டம் ஒன்றைத் தொடவில்லை. தொடும் நோக்கமும் அதற்கு இல்லை. எந்த இடத்தில் குடிசை இருந்ததோ அதே இடத்தில்தான் பட்டா கிடைத்தது. ஊரின் வரைபடம் மாறவில்லை.

அந்த வரைபடத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். காவிரிப் படுகையில் ஊர் என்ற சொல்லுக்குள் நாம் இல்லை. ஊர் வேறு, சேரி வேறு. அக்ரகாரம், குடியானத் தெரு, அதைத் தாண்டி வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டி வயல், வயலுக்கு நடுவில் திட்டாக நம் தெரு. மழைக்காலத்தில் முதலில் தண்ணீர் புகுவது அங்கே. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது முதலில் பறந்த கூரைகளும் நம்முடையவை. பள்ளத்தெரு, பறைத்தெரு என்று இருந்ததை அரசாங்கம் ஆதிதிராவிடர் தெரு என்றது, காலனி என்றது. நாம் அம்பேத்கர் நகர் என்றோம். பெயர் எத்தனை மாறினாலும் வாய்க்கால் நகரவில்லை.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ஆந்த்ரே பெத்தேயின் தஞ்சை ஆய்வைப் பாடத்திட்டத்தில் படித்திருப்பீர்கள். ஸ்ரீபுரம் என்ற புனைபெயரில் அவர் எழுதிய ஊர் தஞ்சை வட்டாரத்தில் இருக்கிறது. நூல் 1965இல் வந்தது. சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று எப்படி விலகிப்போகின்றன என்பதற்காக அதைப் படிக்கச் சொல்வார்கள். நாம் அதில் வேறொன்றையும் கவனிக்கச் சொல்வோம். பிரெஞ்சுத் தந்தைக்கும் வங்காளித் தாய்க்கும் பிறந்த அந்த ஆய்வாளருக்கு அக்ரகாரத்திலேயே ஒரு பிராமணர் வீட்டில் தங்க இடம் கிடைத்தது. அது லேசில் யாருக்கும் கிடைக்காத சலுகை என்று அவரே எழுதியிருக்கிறார். அங்கே தங்கியதால் அவரை அக்ரகாரத்து ஆளாகவே எல்லோரும் பார்த்தார்கள். ஆதிதிராவிடர் தெருவுக்குள் இயல்பாகப் போய்வருவது அவருக்குக் கடினமாகிவிட்டது. அதாவது, தஞ்சையில் ஒரு மனிதர் எங்கே குடியிருக்கிறார் என்பதே அவர் யார் என்பதைச் சொல்லிவிடும். கல்கத்தாவிலிருந்தும் தில்லியிலிருந்தும் வந்தவருக்கே இதுதான் கதி என்றால், அந்த வாய்க்காலுக்கு அப்பால் பிறந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சென்னைக்குப் போவோம்.

நம் பிள்ளைகளில் பலர் கல்லூரிக் காலத்தை ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கழிக்கிறார்கள். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியைப் போன்ற இடங்களில் சாப்பாட்டைப் பற்றியும் கழிவறையைப் பற்றியும் நாம் போராடியிருக்கிறோம். இன்னும் போராட வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே இருக்கும்வரை ஒரு கேள்வியைச் சந்திக்க வேண்டியதில்லை. படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, விடுதியைக் காலி செய்யும் மாதத்தில்தான் அது எதிரே வந்து நிற்கிறது. முதல் சம்பளம் கையில் இருக்கிறது. டு லெட் பலகை தொங்குகிறது. மணியை அடிக்கிறோம்.

"எங்க வேலை பாக்குறீங்க?"

சொல்கிறோம். முகம் மலர்கிறது.

"சொந்த ஊரு?"

"தஞ்சாவூர்."

முகம் இன்னும் மலர்கிறது. தஞ்சாவூர் என்றால் நகரத்துக்காரருக்குப் பெரிய கோயில், தலையாட்டி பொம்மை, வீணை, காவிரித் தண்ணீர், டிகிரி காப்பி. தண்ணீர் கொடுத்து உட்காரவும் சொல்வார்கள். மதுரை, விழுப்புரம் என்று சொல்பவர்களுக்குக் கிடைக்காத வரவேற்பு இது. அந்தப் பெருமையில் நமக்குப் பங்கு உண்டா என்பதை அடுத்த இரண்டு கேள்விகள் முடிவு செய்யும்.

"தஞ்சாவூர்னா டவுனா, பக்கத்துல கிராமமா?"

"மன்னார்குடி பக்கம்."

"அட, எங்க சம்பந்தி வீடு அங்கதான். எந்தத் தெரு?"

இவ்வளவுதான். சாதியை யாரும் கேட்கவில்லை. நாகரிகமான ஒரு விசாரிப்பு. ஊர்க்காரர் என்ற பாசம்கூட அதில் கலந்திருக்கும். பதில் சொன்ன பிறகு மறுநாள் புரோக்கரிடமிருந்து போன் வரும். வீட்டுக்காரர் பையன் வெளிநாட்டிலிருந்து வரப்போகிறாராம். அல்லது நேற்றே யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்களாம். அல்லது வெள்ளையடிக்க வேண்டுமாம். டு லெட் பலகை மட்டும் அடுத்த மாதமும் அங்கேயே தொங்கும்.

நேரடியாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி செத்துவிடவில்லை. "சைவமா?" என்பது அதன் மரியாதையான வடிவம். ஆனால் சைவம் மட்டும் என்று எழுதிப்போடுகிற வீடுகளையே நாம் அதிகம் பேசுகிறோம் என்று தோன்றுகிறது. அந்தப் பலகை குறைந்தபட்சம் நம் நேரத்தையாவது மிச்சப்படுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறி எடுக்கும் இடைநிலைச் சாதி வீடுகளிலும் எந்தத் தெரு என்ற கேள்வி வருகிறது. அங்கே சைவம் ஒரு சாக்காகக்கூட இல்லை. இதைப் பிராமணப் பிரச்சினையாக மட்டும் பேசுவது நம் மேடைகளுக்கு வசதியாக இருக்கலாம்; வீடு தேடும் பிள்ளைக்கு உதவாது.

ஏன் தெருவைக் கேட்கிறார்கள்? இதற்கு ஒரு வரலாறு உண்டு, அதில் ஒரு முரணும் உண்டு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாடு அதைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது. வடநாட்டில் பெயரைக் கேட்டதும் தெரிந்துவிடுவது இங்கே தெரிவதில்லை. தலைப்பெழுத்தும் பெயரும் மட்டும்தான். இது பெரிய சாதனை. அதைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஆனால் பெயரிலிருந்து சாதியை எடுத்த சமூகம் தெருவிலிருந்து அதை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் கையில் இருந்த ஒரு கருவி போனதும் இன்னொன்றை எடுத்துக்கொண்டார். ஆதார் அட்டை வந்த பிறகு கேள்விகூடத் தேவைப்படுவதில்லை. "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க, போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கணும்" என்பார்கள். அதில் தகப்பன் பெயருக்குக் கீழே அச்சாகியிருக்கும் ஆதிதிராவிடர் தெரு. அரசே அச்சடித்துக் கொடுத்த சாதிச் சான்றிதழை நாமே நகல் எடுத்து நீட்டுகிறோம்.

2025 ஏப்ரல் 29 அன்று, காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். அந்தச் சொல்லால் கூனிக்குறுகிய தலைமுறைகள் நம்முடையவை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அம்பேத்கர் நகரே சாட்சி. யாரை வணங்குகிறார்களோ அவர் பெயரைத் தெருவுக்கு வைப்பது எல்லாச் சாதிக்கும் வழக்கம். நாம் வைத்தால் அது முகவரியிலேயே முத்திரையாகிவிடுகிறது. புதிதாக மலர்ப் பெயரோ நதிப் பெயரோ வைத்தாலும் சம்பந்தி வீட்டுக்கு ஒரு போன் போதும்.

இதெல்லாம் நம் மனப்பிரமை, பணமும் வேலையும் இருந்தால் நகரத்தில் யாரும் சாதி பார்ப்பதில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நம்மிலேயே உண்டு. அவர்களுக்காகச் சில ஆய்வுகள். சுகதேவ் தோரட்டும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீட்டுக்காக ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரேமாதிரி படிப்பு, வேலை; வேறுபாடு சாதியிலும் மதத்திலும் மட்டும். உயர்சாதிப் பெயருக்கு ஏறக்குறைய எல்லாக் கதவும் திறந்தது. தலித்துகளில் ஒரு பகுதிக்கு நேரடி மறுப்பு. இன்னொரு பகுதிக்கு வாடகையிலும் நிபந்தனையிலும் வேறுபாடு. முஸ்லிம்களுக்குக் கிடைத்த மறுப்பு அதைவிட அதிகம். இது 2015இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சௌகதோ தத்தாவும் விக்ரம் பதானியாவும் தில்லியில் இணையதள விளம்பரங்களை வைத்துச் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதிலும் முஸ்லிம் பெயர்களுக்குத் திரும்ப அழைப்பு குறைவு. ஆனால் பட்டியல் சாதிப் பெயருக்கும் உயர்சாதிப் பெயருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்த இரண்டாவது முடிவை மறைக்கக்கூடாது என்பதற்காகவே சொல்கிறோம். அதைக் காட்டி, பார்த்தீர்களா என்று கேட்பவர்கள் வருவார்கள். அந்தச் சோதனை அளந்தது வீட்டுக்காரர் திரும்ப அழைக்கிறாரா என்பதை. நமக்கு யாரும் திரும்ப அழைக்காமல் இருப்பதில்லை. தஞ்சாவூர் என்றதும் தண்ணீர்கூடக் கிடைக்கிறது. மறுப்பு வருவது தெருவைச் சொன்ன பிறகு. முஸ்லிம் தோழருக்குப் பெயரிலேயே கதவு மூடுகிறது, நமக்கு மூன்றாவது கேள்வியில் மூடுகிறது. இரண்டு பேரும் இந்த விஷயத்தில் ஒன்றாக நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இன்னொரு கணக்கு. திரினா விதயத்திலும் காயத்ரி சிங்கும் 2001 மக்கள்தொகைக் கணக்கின் வார்டு விவரங்களை வைத்து இந்தியாவின் ஏழு பெருநகரங்களை ஆராய்ந்தார்கள். சென்னையும் அதில் ஒன்று. மக்கள் வசதியின் அடிப்படையில் பிரிந்து வாழ்வதைவிடச் சாதியின் அடிப்படையில் பிரிந்து வாழ்வதே அதிகம் என்பது 2012இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. நகரத்தில் ஏழைத் தெரு, பணக்காரத் தெரு என்று மட்டும் பார்க்கப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். வாய்க்கால் இல்லாத ஊரிலும் வாய்க்கால் இருக்கிறது.

கிடைத்த வீட்டில் எப்படி வாழ்கிறோம் என்பது கிடைக்காத வீட்டைவிடப் பெரிய விஷயம். பலர் தெருவைச் சொல்வதில்லை. பக்கத்துத் தெருவைச் சொல்கிறார்கள், டவுன் என்கிறார்கள், சித்தப்பா வீட்டு முகவரியில் ஆதாரை மாற்றிக்கொள்கிறார்கள். நாம் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சாவி கிடைக்கிறது. பிறகுதான் தொடங்குகிறது வேலை. அம்பேத்கர் படம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மாட்டுக்கறி நண்பர்கள் வீட்டில்தான். ஊரிலிருந்து அம்மா வருகிறேன் என்றால் மகிழ்ச்சிக்கு முன்னால் ஒரு கணக்கு ஓடுகிறது: அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்கார அம்மாவிடம் என்னென்ன பேசிவிடுவார்? சம்பா நடவு, கூலி, மாரியம்மன் கோயில் திருவிழாவில் நம் தெருவுக்குத் தேர் வராதது, எல்லாம் அவருக்குச் சாதாரணப் பேச்சு. அம்மாவை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லும் பிள்ளைகள் இந்த நகரத்தில் எத்தனை பேர்! சாதிச் சான்றிதழ் வைத்து வேலைக்குப் போனவர், அலுவலகத்திலிருந்து பதிவுத்தபால் வீட்டுக்கு வந்தால் உறையைப் பார்த்துப் பயப்படுகிறார்.

அண்ணலுக்கு நேர்ந்ததும் இதுவே. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசுப் பணிக்கு வந்தவருக்குத் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் பார்சிகள் தடிகளோடு வந்து மாலைக்குள் காலிசெய்யச் சொன்னார்கள். அந்த நகரத்தில் அவருக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். இந்து நண்பர், நீ என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவ நண்பர், மனைவி வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்தத் தம்பதி பிராமணக் குடும்பங்களிலிருந்து மதம் மாறியவர்கள். ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. விசாவுக்காகக் காத்திருத்தல் என்ற தன் குறிப்புகளில் அவர் இதை எழுதியிருக்கிறார். மாணவர்கள் அந்தப் பகுதியைப் படிக்கும்போது தடிகளை மட்டும் பார்க்காதீர்கள். தடிகளுக்கு முந்தைய பத்து நாட்களைப் பாருங்கள். பொய்ப் பெயரில் இருக்கும் மனிதர் அந்தப் பத்து நாளும் எப்படித் தூங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கிராமம் அறியாமையின் குகை என்று 1948இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னவர், நகரத்தில் வீடு கிடைக்காமல் பூங்காவில் உட்கார்ந்திருந்த அதே மனிதர். நகரம் தானாக விடுவித்துவிடும் என்று அவருக்கு மயக்கம் இருந்திருக்க முடியாது.

மறைக்காமல் தேடுபவர்களுக்கு என்ன கிடைக்கிறது? ஒன்று, கூடுதல் வாடகை. இரண்டு, யாரும் எடுக்காத வீடு. மூன்று, ஏற்கனவே நம்மவர்கள் இருக்கும் பகுதி. செழியன் இயக்கிய டு லெட் படத்தைப் பார்த்தவர்களுக்கு, 2007ஐ ஒட்டிய ஐ.டி. காலத்தில் வாடகை ஏறியபோது ஒரு சாதாரணக் குடும்பம் பட்டபாடு தெரியும். அந்தப் பாடு எல்லோருக்கும் பொது. நமக்கு அதன் மேல் இன்னொரு பங்கு. நகரத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இருந்த நம் மக்களை அரசே கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்த கதை தனி உரைக்குரியது. இங்கே ஒன்றை மட்டும் சொல்லலாம்: அந்த முகவரிகளும் இப்போது தெருவாகிவிட்டன. கண்ணகி நகர் என்று சொன்னால் வேலைகூடக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் வழக்கறிஞர்களிலேயே சிலர், தனியார் வீடு அவர் இஷ்டம், ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். அது முழு உண்மையல்ல. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் 4ஆம் பிரிவு தீண்டாமையின் பெயரால் தடைசெய்யக்கூடாதவற்றை வரிசையாகச் சொல்கிறது; கிணறு, கடை வரை நமக்குத் தெரியும். எட்டாவது உட்பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது பற்றியது. 7ஆம் பிரிவில் புறக்கணிப்பு என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், வீட்டையோ நிலத்தையோ வாடகைக்கு விட மறுப்பதும் வருகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் 12ஆம் பிரிவு: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பொறுப்பு. தண்டனை சிறியதுதான், ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை. ஆனாலும் ஆயுதம் இருக்கிறது.

பிறகு ஏன் அது துருப்பிடித்துக் கிடக்கிறது? 12ஆம் பிரிவு அனுமானத்தைத் தருகிறது, மறுப்பு நடந்தது என்பதற்கான சாட்சியத்தைத் தருவதில்லை. பையன் வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்பது குற்றமில்லை. காவல் நிலையத்தில் இதைச் சொன்னால் எழுத்தர் சிரிப்பார். அரசமைப்பின் 15(2) பிரிவு கடைகளையும் உணவகங்களையும் சொல்கிறது, வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் கடை என்ற சொல்லை விரிந்த பொருளில்தான் வைத்திருக்கிறோம் என்று அம்பேத்கரே சபையில் விளக்கினார். 2011இல் உச்ச நீதிமன்றம் தனியார் கல்வி நிறுவனம் பற்றிய ஒரு வழக்கில் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு பலகை மாட்டி விடப்படும் வீடு ஏன் இந்தப் பொருளில் கடை ஆகாது என்று சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் வாதாடிப் பார்க்க வேண்டும். எதிர்த்திசையில் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று நிற்கிறது. குஜராத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்று வைத்திருந்த ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதைத் தாண்டாமல் வேலை ஆகாது.

தமிழ்நாடு 2017இல் புதிய வாடகைச் சட்டம் செய்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. மூன்று மாதம் என்ற இடத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ற வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னை பத்து மாத அட்வான்ஸை அந்த வாசல் வழியாகவே நடத்திக்கொண்டிருக்கிறது. சாதி, மதம் பார்த்து மறுக்கக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. சமூக நீதி பேசும் சட்டமன்றம் அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம்.

வெண்மணி எரிந்த அதே 1968இல், ஏப்ரல் 11 அன்று, அமெரிக்காவில் நியாயமான குடியிருப்புச் சட்டம் கையெழுத்தானது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அதே ஆண்டு பிரிட்டன் தன் இன உறவுச் சட்டத்தை வீட்டுக்கும் விரித்தது. அமெரிக்கச் சட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று: காலியாக இருக்கும் வீட்டை, கேட்பவரின் நிறத்துக்காகக் காலியில்லை என்று சொல்வதே தனிக் குற்றம். அந்தப் பொய்யையே சட்டம் பிடிக்கிறது. பொய்யை எப்படி நிரூபிப்பது? ஒரே மாதிரி வேலையும் வருமானமும் உள்ள இரண்டு பேரை, ஒரு கறுப்பரையும் ஒரு வெள்ளையரையும், அடுத்தடுத்து அனுப்புவார்கள். ஒருவருக்கு இல்லை என்ற வீடு அடுத்தவருக்கு இருக்கிறது என்றால் முடிந்தது. இப்படிச் சோதிக்கப் போனவர், உண்மையில் வீடு தேவைப்படாதவராக இருந்தாலும், பொய் சொல்லப்பட்டதற்காக வழக்குப் போடலாம் என்று 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டத்தில் பெரிய ஓட்டையும் உண்டு: உரிமையாளர் தானும் குடியிருக்கும் நான்கு வீடுவரையான கட்டடங்களுக்குப் பெரும்பாலும் விலக்கு. கீழே வீட்டுக்காரர், மேலே நாம் என்பதுதான் சென்னையின் வழக்கம். அந்த விலக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சட்டத்தில் எதுவும் மிஞ்சாது. அமெரிக்க நகரங்களில் கறுப்பர் பகுதி இன்றும் தனியாகத்தான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இரட்டைச் சோதனையை நாம் சட்டத்துக்காகக் காத்திருக்காமல் செய்யலாம். தமிழ்நாட்டில் ஒரு மாற்றம் தேவை: பெயரை வைத்துச் சோதித்தால் நமக்கு ஒன்றும் கிடைக்காது, தெருவை வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே வேலை, ஒரே வயது; ஒருவர் குடியானத் தெரு, ஒருவர் ஆதிதிராவிடர் தெரு. இதற்குச் சாதி இந்துத் தோழர்கள் தேவைப்படுகிறார்கள். மேடையில் நமக்காகப் பேசுகிறவர்கள் ஒரு சனிக்கிழமை மதியத்தை இதற்காகத் தர முடியுமா என்று கேட்டுப் பார்ப்போம். புரோக்கரின் வாட்ஸ்ஆப் செய்தியை அழிக்காதீர்கள். பலகை தொங்குவதைத் தேதியோடு படம் எடுங்கள். தொலைபேசியில் கேட்ட வார்த்தைகளை அன்றிரவே அப்படியே எழுதி வையுங்கள், உங்கள் விளக்கத்தைச் சேர்க்காமல்.

நம்மிலும் சிலர் தஞ்சையிலும் சென்னையிலும் சொந்த வீடு கட்டி மாடியை வாடகைக்கு விடுகிறார்கள். நல்லது, பெருகட்டும். அவர்களிடம் போய் அருந்ததியர் குடும்பத்துக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கும் திருநங்கைகளுக்கும் வீடு உண்டா என்று கேட்கும் வேலையையும் அதே சோதனைக் குழு செய்ய வேண்டும். அங்கே கிடைக்கும் பதிலும் அதே படிவத்தில் பதிவாக வேண்டும்.

படிவம் ஒரு பக்கம் போதும். பகுதி, வாடகை, கேட்ட முன்பணம், கேட்கப்பட்ட கேள்விகள் எந்த வரிசையில் வந்தன, எந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு மாறியது, சொல்லப்பட்ட காரணம், ஒரு வாரம் கழித்துப் பலகை இருக்கிறதா. முதல் சுற்றை வேளச்சேரியிலும் சைதாப்பேட்டையிலும் தொடங்கலாம், விடுதி மாணவர்களுக்கு நடந்து போகவும் பேருந்தில் போகவும் வசதி. இரண்டாவது சுற்று தஞ்சை மருத்துவக் கல்லூரிச் சாலையில். அங்கே தெருப் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. ஊர்ப் பெயரைச் சொன்னதுமே அவர்களுக்கு வாய்க்கால் எந்தப் பக்கம் என்று தெரியும். படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டம் ஒன்று போட வேண்டியிருக்கும்.